புகைக்கும் நெருப்புக்கும் நடுவே: கிளாட் தேர்வின் லாஜிக்கல் ரீசனிங்

நேயர்களுக்கு வணக்கம். பிளஸ் டூ படித்துக்கொண்டே சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கான பேச்சு இது. கையில் ஒரு பேனாவும் தாளும் எடுத்து வைத்துக்கொண்டால் நல்லது.

நம் மாநிலத்தின் அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள். திருச்சியில் இருக்கும் தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும், அல்லது பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ போக வேண்டும் என்றால், கிளாட் என்ற பொதுச் சட்ட நுழைவுத் தேர்வை எழுதியாக வேண்டும். 120 கேள்விகள், 120 நிமிடங்கள். சரியான விடைக்கு 1 மதிப்பெண்; தவறினால் 0.25 கழிப்பார்கள். அதில் 22 முதல் 26 கேள்விகள் லாஜிக்கல் ரீசனிங், அதாவது தர்க்க முறையில் யோசிக்கும் பகுதி. சுமார் 450 சொற்களுக்கு ஓர் ஆங்கிலப் பத்தி கொடுத்து, அதன் கீழே ஐந்தாறு கேள்விகள் கேட்பார்கள்.

புத்தகம் வாங்கும்போதே ஒரு தவறு நடந்துவிடுகிறது. 2020-ல் கிளாட்டின் அமைப்பு மாறியது. அதற்கு முன்பு ரத்த உறவு, திசை, சங்கேத எழுத்து என்று தனித்தனிக் கேள்விகள் வரும். இப்போது முக்கியமாகச் சோதிப்பது, ஒருவர் எழுதிய வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் திறனை. வங்கித் தேர்வுக்கான தடிமனான ரீசனிங் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து போட்டு முடித்தாலும் இந்தத் திறன் வராது. புதிர்களை அடியோடு விட்டுவிடச் சொல்லவில்லை. டெல்லி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் தனியாக நடத்தும் ஐலெட் தேர்வுக்கு அவை வேண்டும். ஆனால் உங்கள் நேரத்தின் பெரும்பங்கு வாதத்துக்கே போகட்டும்.

வாதம் என்றால் என்ன? நம் பழைய தர்க்க நூல்களில் ஓர் எடுத்துக்காட்டு திரும்பத் திரும்ப வரும். 'இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை தெரிகிறது, அடுக்களையைப் போல.' நெருப்பு இருக்கிறது என்பது முடிவு. புகை தெரிகிறது என்பது காரணம். இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டும் கயிறு ஒன்று இருக்கிறது: புகை எங்கே இருந்தாலும் அங்கே நெருப்பு இருக்கும் என்ற எண்ணம். அடுக்களையை இழுத்து வந்தது அந்தக் கயிற்றைக் காட்டத்தான். கிளாட் பத்தியில் இந்த அடுக்களையைப் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். அசம்ப்ஷன் என்று கேட்டால் அந்தக் கயிறு எது என்று கேட்கிறார்கள். வீக்கன் என்றால் கயிற்றை அறுக்கச் சொல்கிறார்கள்: 'அது புகையே இல்லை, விடிகாலைப் பனி' என்று ஒரு செய்தி வந்தால் வாதம் தளர்ந்துபோகிறது. ஸ்ட்ரெங்தன் என்றால் முறுக்கேற்ற வேண்டும்: 'புகைந்த வாடையும் வருகிறது.' கேள்வியின் பெயர் எதுவானாலும் கயிறு ஒன்றுதான்.

இப்போது ஒரு கற்பனை வாதம் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நகராட்சி கடைத்தெருவில் கண்காணிப்புக் கேமரா பொருத்தியது. அதற்கு முந்தைய ஆறு மாதத்தில் காவல் நிலையத்தில் 80 திருட்டுப் புகார்கள். பொருத்திய பிறகு ஆறு மாதத்தில் 50. ஆகவே கேமராவால் திருட்டு குறைந்தது.

முதலில் முடிவின் கீழே கோடு போடுங்கள்: கேமராவால் திருட்டு குறைந்தது. காரணத்தைப் பாருங்கள்: புகார் குறைந்தது. இரண்டு வரியையும் சொல்லுக்குச் சொல் ஒப்பிடுங்கள். காரணத்தில் இருப்பது 'புகார்'. முடிவில் இருப்பது 'திருட்டு'. ஒரு சொல் சத்தமில்லாமல் மாறிவிட்டது. கயிறு அங்கே இருக்கிறது. புகார் குறைந்தால் திருட்டும் குறைந்திருக்கும் என்று எழுதியவர் நம்புகிறார். இன்னொன்றும் உண்டு: முடிவில் 'கேமராவால்' என்று வந்துவிட்டது. கேமரா வந்த பிறகு குறைந்தது என்பது வேறு, கேமராவால் குறைந்தது என்பது வேறு. அதே மாதங்களில் போலீஸ் ரோந்து கூடியிருக்கலாம். கடைத்தெருவில் பாதிக் கடைகள் மூடிக்கிடந்திருக்கலாம். முடிவில் புதிதாக முளைத்த சொல் எது என்று தேடும் இந்தப் பழக்கம் வந்துவிட்டால், ஆப்ஷனைப் பார்க்கும் முன்பே பாதி விடை உங்கள் கையில்.

இரண்டு அசம்ப்ஷன் ஆப்ஷன்களில் எது என்று குழம்பினால், ஆப்ஷனை எதிர்மறையாக்கிப் பாருங்கள். 'மக்கள் முன்பு போலவே புகார் கொடுக்கிறார்கள்' என்பது ஒன்று. திருப்பினால், 'மக்கள் இப்போது புகார் கொடுப்பதைக் குறைத்துவிட்டார்கள்'. வாதம் அப்படியே சரிகிறது. ஆகவே அதுதான் விடை. 'திருட்டைத் தடுக்கக் கேமராவை விட்டால் வேறு வழியில்லை' என்பது இன்னொன்று. திருப்பினால், 'வேறு வழியும் உண்டு'. இருக்கட்டுமே, கேமராவால் குறைந்தது என்ற வாதத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே விடை இல்லை. கேட்பதற்குக் கம்பீரமாக இருப்பதால் பலரும் இரண்டாவதைக் குறித்துவிடுகிறார்கள்.

நிபந்தனை வாக்கியங்களில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். 'இஃப்', 'ஒன்லி இஃப்', 'அன்லெஸ்' என்ற மூன்றும் ஆங்கிலத்தில் குழப்பும். தமிழ் தெரிந்தவருக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. 'ஹால் டிக்கெட் இருந்தாலே போதும், உள்ளே விடுவார்கள்' என்று ஒருவர் சொல்கிறார். 'ஹால் டிக்கெட் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்' என்று இன்னொருவர். 'ஆலே போதும்' என்பது இஃப். 'ஆல்தான்' என்பது ஒன்லி இஃப். இரண்டாவது வாக்கியத்தைக் கேட்டுவிட்டு, டிக்கெட் இருப்பவர் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள் என்று யாரும் நினைக்க மாட்டோம். நேரம் கடந்து வந்தவர் வாசலில் நிற்கலாம். உள்ளே இருப்பவரிடம் டிக்கெட் இருந்தது என்பது மட்டும் உறுதி. அன்லெஸ் வந்தால் 'இல்லாவிட்டால்' என்று படியுங்கள், நேராகிவிடும். பத்தியில் 'ஒன்லி இஃப்' கண்டதும் ஓரத்தில் 'ஆல்தான்' என்று பென்சிலால் எழுதிப் பழகுங்கள்.

மறுபடி மலைக்குப் போவோம். புகை இருந்தால் நெருப்பு இருக்கும். சரி, நெருப்பு இல்லை என்று தெரிந்தால்? புகையும் இருக்காது, இது நிற்கும். நெருப்பு இருந்தால் புகை இருக்குமா? பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லை. இதையும் பழைய தர்க்கிகளே சொல்லி வைத்திருக்கிறார்கள். புகை இல்லை, ஆகவே நெருப்பு இல்லை என்றாலும் அதே இரும்பு வந்து மறுக்கும். பத்தியிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்று கேட்பது இன்ஃபரன்ஸ் கேள்வி. அதன் தவறான ஆப்ஷன்களில் நிறைய இந்த இரண்டு தலைகீழ் வடிவங்கள்தான்.

இன்ஃபரன்ஸ் கேள்வியில் பத்தியை மட்டும் நம்ப வேண்டும். செய்தித்தாளில் படித்தது, பாடத்தில் படித்தது எதையும் உள்ளே கொண்டுவரக் கூடாது. 'எல்லோரும்', 'ஒருபோதும்', 'மட்டுமே' என்று அழுத்திச் சொல்லும் ஆப்ஷனைச் சந்தேகியுங்கள். 'சிலர்', 'இருக்கலாம்' என்று அடக்கமாகச் சொல்வது பெரும்பாலும் தப்பிக்கும். வீக்கன், ஸ்ட்ரெங்தன் கேள்விகளில் இதே விதியைப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். அங்கே 'இஃப் ட்ரூ' என்று கேள்வியிலேயே இருக்கும்; ஆப்ஷன் சொல்வதை உண்மை என்று ஏற்றுக்கொண்டு, அது கயிற்றைத் தொடுகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். அழுத்தமான ஆப்ஷன் அங்கே நல்ல விடையாகவே இருக்கலாம். பயிற்சி மையங்களில் 'அழுத்தமான ஆப்ஷனை எப்போதும் அடித்துவிடு' என்று சொல்லிக்கொடுப்பதைக் கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பாதி உண்மை அது.

பயிற்சிக்கு மூன்று மாதம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் கடிகாரம் வேண்டாம். தினமும் ஓர் ஆங்கிலத் தலையங்கம் படியுங்கள். படித்து மூடிவிட்டு, அதன் முடிவு என்ன, அதற்குச் சொன்ன காரணம் என்ன என்று தமிழில் இரண்டு வரி எழுதுங்கள். தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்கிறது. தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் இதை நினைத்து மிரள வேண்டாம். தமிழில் சொல்ல வராத வரி உங்களுக்குப் புரியாத வரி. அதை அப்போதே கண்டுபிடித்துவிடலாம். 'தேர்ஃபோர்', 'தஸ்' வந்தால் முடிவு, 'சின்ஸ்', 'பிகாஸ்' வந்தால் காரணம், 'ஹவெவர்' வந்தால் எழுதியவர் இப்போதுதான் தன் பக்கம் திரும்புகிறார் என்று காது பழக வேண்டும். அந்த ஹவெவருக்கு முன்னால் இருப்பது பல நேரம் எதிராளியின் கருத்து. அதையே எழுதியவரின் முடிவு என்று எடுத்துக்கொண்டால் அந்தப் பத்தியின் கேள்விகள் வரிசையாகப் போய்விடும்.

இரண்டாம் மாதம் பழைய வினாத்தாள்கள். கிளாட்டை நடத்தும் தேசிய சட்டப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. 2020-க்குப் பிந்தையவற்றை எடுங்கள். தீர்ந்துவிட்டால் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் சேர எழுதும் எல்சாட் தேர்வின் லாஜிக்கல் ரீசனிங் கேள்விகளைப் போடலாம். 2024 ஆகஸ்டில் அவர்கள் புதிர்ப் பகுதியை எடுத்துவிட்டு, அந்த இடத்தையும் வாதக் கேள்விகளுக்கே கொடுத்துவிட்டார்கள். சிறு பத்திக்கு ஒரு கேள்வி என்று வருவதால் கயிறு தேடப் பழக அதைவிட நல்ல களம் இல்லை. அங்கே ஐந்து ஆப்ஷன், தவறுக்குக் கழிவு இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஒரு நோட்டு போடுங்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விஷயம்: என்ன வகைக் கேள்வி, எதைக் குறித்தேன், அது ஏன் சரியென்று தோன்றியது, எந்தச் சொல் அதைத் தவறாக்கியது. கடைசி இரண்டும்தான் முக்கியம். 'கவனக்குறைவு' என்று எழுதினால் அந்த வரி வீண். 'பத்தியில் சம், ஆப்ஷனில் மோஸ்ட்' என்று எழுத வேண்டும். பத்து நாள் கழித்து அதே கேள்விகளை விடையை மறைத்துத் திரும்பப் போடுங்கள். நாற்பது மாதிரித் தேர்வு எழுதி மதிப்பெண்ணை மட்டும் பார்த்தவரைவிட, பன்னிரண்டு எழுதி இந்த நோட்டை நிரப்பியவர் முன்னேறுவார் என்று உறுதியாகச் சொல்வேன்.

மூன்றாம் மாதம்தான் கடிகாரம். 450 சொல்லை நிமிடத்துக்கு 200 சொல் வேகத்தில் படித்தால் இரண்டேகால் நிமிடம். கேள்விக்கு 40 நொடி, ஆறு கேள்விக்கு நாலு நிமிடம். பத்திக்கு ஆறேகால் நிமிடம், நாலு பத்திக்கு 25. விடைத்தாளில் வட்டத்தைக் கறுப்பதற்கும் தடுமாறுவதற்கும் இரண்டு மூன்று நிமிடம் சேர்த்து 28-க்குள் முடித்துவிட வேண்டும். கேள்வியை முதலில் படித்துவிட்டுப் பத்திக்குப் போகலாமா என்று பலரும் கேட்பார்கள். ஆறு கேள்வியை மண்டையில் சுமந்துகொண்டு பத்தியைப் படிக்க முடியாது. பத்தியை ஒருமுறை ஒழுங்காகப் படிப்பதில்தான் நேரம் மிச்சம்.

தேர்வு காகிதத்தில்தான். ஓஎம்ஆர் என்ற அந்த விடைத்தாளை ஒவ்வொரு பத்தி முடிந்ததும் கறுத்துவிடுங்கள். கடைசி ஐந்து நிமிடத்துக்கு என்று ஒதுக்கி வைத்தால், ஒரு வரிசை மாறிப்போனாலும் திருத்த நேரம் இருக்காது. இரண்டு ஆப்ஷனை நிச்சயமாக நீக்கிவிட்டு மீதி இரண்டில் தயங்கினால், குறித்துவிடுங்கள்: பாதி வாய்ப்பு 1 மதிப்பெண், பாதி வாய்ப்பு 0.25 இழப்பு, சராசரியில் 0.375 உங்கள் பக்கம். அதற்காக இரண்டு நிமிடம் அந்தக் கேள்வியிலேயே உட்காராதீர்கள். குறித்துவிட்டு அடுத்த பத்திக்குப் போங்கள்.

வணக்கம்.