ஈஸ்ட்டுக்குள் ஓர் எண்ணெய்ப் பாதை

நேயர்களுக்கு வணக்கம்.

ரொட்டி மாவில் போடும் ஈஸ்ட்டைப் பார்த்திருப்பீர்கள். பழுப்பு நிறத்தில் குருணை குருணையாக இருக்கும். வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீரில் தூவிப் பத்து நிமிடம் விட்டால் நுரைத்து மேலே வரும். எல்லோர் கண்ணும் அந்த நுரை மேல்தான். நான் பேச வந்தது ஈஸ்ட் தன் சவ்வுக்குள் சேர்த்து வைக்கும் கொழுப்பைப் பற்றி.

நம் செல்களின் சவ்வுக்கு உறுதி தருவது கொலஸ்ட்ரால். ஈஸ்ட்டுக்கு அந்த வேலையைச் செய்வது எர்கோஸ்டெரால். அதன்மேல் புற ஊதாக் கதிர் பட்டால் வைட்டமின் டி2 கிடைக்கும். படர்தாமரைக்குத் தடவுகிறோமே க்ளோட்ரிமசோல் களிம்பு, அது பூஞ்சையை எர்கோஸ்டெரால் செய்ய விடாமல்தான் மடக்குகிறது.

சரி, ஈஸ்ட் இதை எப்படிச் செய்கிறது? சர்க்கரையை உடைத்து, இரண்டு கார்பன் கொண்ட துண்டுகளாக்கி, அவற்றிலிருந்து படிப்படியாக 15 கார்பன் சங்கிலி ஒன்றைக் கட்டுகிறது. அப்படி இரண்டு சங்கிலிகள் சேர்ந்தால் 30 கார்பன் உள்ள ஸ்குவாலீன் என்ற எண்ணெய். இதுவரை ஆக்சிஜன் தேவையில்லை. இதற்கப்புறம் ஆக்சிஜன் இல்லாமல் நகராது. ஓர் எர்கோஸ்டெராலுக்கு 12 ஆக்சிஜன் மூலக்கூறுகள் வேண்டும். பீர் வடிப்பவர்கள் தொடக்கத்தில் காற்றை ஊட்டுவது இதற்காகத்தான். காற்றை நிறுத்தினால் ஸ்குவாலீன் அப்படியே தேங்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

ஏனென்றால் அந்த ஸ்குவாலீனுக்காகத்தான் ஆழ்கடல் சுறாக்களைக் கொன்று வந்திருக்கிறோம். 1906-இல் ஜப்பானின் மிட்சுமாரு சுஜிமோட்டோ அதைக் கண்டறிந்தது சுறா ஈரல் எண்ணெயில். சுறாவுக்குக் காற்றுப்பை கிடையாது. ஈரலில் உள்ள எண்ணெய்தான் அது அமிழ்ந்து போகாமல் தாங்குகிறது. மெதுவாக வளர்ந்து, கொஞ்சமே குட்டி போடும் உயிரினம் அது. முகத்துக்குப் பூசும் கிரீமுக்காக அதைப் பிடிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பிரேசிலில் ப்ரோட்டாஸ் என்ற ஊரில் வேறு வழி நடைமுறைக்கு வந்தது. மரபணு மாற்றிய ஈஸ்ட், கரும்புச் சாறைத் தின்று 15 கார்பன் கொண்ட ஃபார்னசீனைச் செய்யும். அப்படி இரண்டை வேதிமுறையில் இணைத்து ஹைட்ரஜனும் ஏற்றினால், ஸ்குவாலீனின் நெருங்கிய உறவான ஸ்குவாலேன். ஸ்குவாலீனைப் போல இது சீக்கிரம் சிக்குவாடை அடிக்காது.

2003-இல் ஃபிரான்ஸ் ஆய்வாளர்கள், எர்கோஸ்டெரால் செய்யும் இதே பாதையைத் திருப்பிவிட்டு, ஈஸ்ட்டிலேயே வீக்கத்தையும் அரிப்பையும் தணிக்கும் மருந்தான ஹைட்ரோகார்ட்டிசோனைச் செய்து காட்டினார்கள்.

அடுத்த முறை கிரீம் வாங்கும்போது லேபிளில் ஸ்குவாலேன் என்று இருந்தால், அது எதிலிருந்து எடுத்தது என்று கடைக்காரரைக் கேளுங்கள். ஆலிவா, கரும்பா, சுறாவா?

நன்றி, வணக்கம்.