சிரட்டைக்குள் ஒரு காடு

நேயர்களுக்கு வணக்கம்.

போன ஆடியில் கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் போயிருந்தேன். மழையால் பால்வெட்டு நின்று பத்து நாள் ஆகியிருந்தது. பால் பிடிக்க மரத்தில் கட்டியிருந்த சிரட்டை ஒன்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு விரல் ஆழத் தண்ணீரில் கூத்தாடிப் புழுக்கள் தலைகீழாகத் தொங்கின. வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடிக்கு ஓடின.

புலிக்கொசு என்கிறோமே, அதன் குஞ்சுகள். ஏடிஸ் அல்போபிக்டஸ். கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வளையம், முதுகில் ஒற்றை வெள்ளைக்கோடு, பகலில்தான் கடிக்கும். கல்கத்தாவில் பிடித்த கொசுவை வைத்துத்தான் 1894இல் இதற்குப் பெயரிட்டார்கள். ஆசியக் காடுகளில் மரப்பொந்துத் தண்ணீரில் பெருகிய இனம். மரத்தோடு கட்டிய சிரட்டையும் அதற்குப் பொந்துதானே! இங்கே அந்நியன் கொசு அல்ல. பிரேசில் காட்டிலிருந்து வந்த ரப்பர் மரம்தான்.

அதே ரப்பர்தான் இதை உலகம் சுற்றவும் வைத்தது. பழைய டயரில் ஒட்டிக்கொண்டு போன முட்டைகளால் 1985இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் இது குடியேறியிருப்பது தெரிந்தது, 1990இல் இத்தாலி. அப்புறம் 2007இல் கேரளத்திலிருந்து இத்தாலிக்குப் போன ஒருவரின் உடலில் சிக்குன்குனியா வைரஸும் கூடவே போனது. அங்கே 200 பேருக்கு மேல் காய்ச்சலில் படுத்தார்கள். கொசு முன்னாலேயே போய்க் காத்திருந்தது, வைரஸ் பின்னால் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

நமக்கு விமானம்கூட வேண்டாம். 2021 ஜூலையில் கேரளத்தின் முதல் ஜிகா வைரஸ் தொற்று தெரியவந்தது பாறசாலையில். நம் எல்லையிலுள்ள களியக்காவிளையில் சாயா குடித்துவிட்டு நடந்தே போகிற தூரம். ஜிகாவைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்கள் சோதனைச் சாவடிக்கு இந்தப் பக்கமும் உண்டு.

சரி, சிரட்டையைக் கவிழ்த்தால் தீர்ந்ததா? பாதிதான். முட்டைகள் தண்ணீரில் மிதப்பதில்லை, தண்ணீருக்குச் சற்று மேலே உள்சுவரில் ஒட்டியிருக்கும். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் அடுத்த மழை நனைத்ததும் பொரிக்கும். அதனால் தேங்காய்த் தும்பு போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் கவிழ்க்க வேண்டும்.

இதை அங்கே பால்வெட்டும் அக்காவிடம் சொன்னேன். "நானூறு மரம் உண்டும் சாரே. வெட்டு இல்லாத நாளு கூலியும் கிடையாது. யாரு வந்து கமத்துவா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து, வெட்டு நிற்கும் முதல் நாளில் சிரட்டை தேய்த்துக் கவிழ்ப்பதற்கு ஒரு நாள் கூலி கொடுங்கள் என்று தோட்டக்காரர்களிடம் கேட்டு வருகிறேன். இதுவரை இரண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள்.