போய்விட்டார், போயிருந்தார்

வணக்கம் நேயர்களே.

கருகிப்போன ஒரு பாத்திரத்தின் கதையோடு தொடங்குகிறேன். பாரிஸில் நான் மாலை நேரத்தில் பிரெஞ்சு வகுப்பு எடுக்கிறேன். வேலை முடித்துவிட்டு வரும் தமிழர்கள்தான் பெரும்பாலும் என் மாணவர்கள். அவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரர், ரெஸ்டோரன்ட் சமையலறையில் வேலை. ஒருநாள் முகம் வாடி வந்தார். எலும்பு போட்டு மணிக்கணக்காகக் கொதிக்கவைத்த சாறு அடிப்பிடித்துக் கருகிவிட்டதாம். "சேர், நான் போகேக்க மற்ற ஆள் போயிட்டார். அடுப்பு எரிஞ்சபடி கிடந்தது. அதைத்தான் ஷெஃப்பிட்ட சொன்னனான். ஆனா ஏச்சு எனக்குத்தான் விழுந்தது" என்றார்.

பிரெஞ்சில் எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அப்படியே சொல்லிக் காட்டினார்: "கான் ஜ் சுயி அரிவே, இல் எ பார்த்தி."

வாக்கியத்தில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஷெஃப்பின் காதில் அது எப்படி விழும் தெரியுமா? "நான் வந்து சேர்ந்தேன், அவர் கிளம்பினார்." அதாவது, இவர் வரும்வரை மற்றவர் அடுப்படியில் நின்றார், வந்ததும் ஒப்படைத்துவிட்டுப் போனார். அப்படியென்றால் சாறு கருகியதற்கு யார் பொறுப்பு? வந்தவர்தான்!

அவர் சொல்லியிருக்க வேண்டியது: "இல் எத்தே பார்த்தி." எ பார்த்தி, எத்தே பார்த்தி. நடுவில் ஒரு 'த்தே' கூடுகிறது, அவ்வளவுதான். அந்த ஓர் ஒலி வந்திருந்தால், "நான் வருவதற்கு முன்பே அவர் போயிருந்தார்" என்ற செய்தி ஷெஃப்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

அந்த 'த்தே'யைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். பிரெஞ்சு இலக்கணத்தில் இதற்கு ப்ளூஸ்-கெ-பார்ஃபே என்று பெயர். லத்தீனிலிருந்து வந்த பெயர். 'முற்றுப்பெற்றதற்கும் மேலே முற்றுப்பெற்றது' என்று அர்த்தம். நான் வகுப்பில் 'முந்தின இறந்தகாலம்' என்று சொல்லிக்கொடுக்கிறேன். நடந்த ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அதற்கும் முன்னால் நடந்து முடிந்த இன்னொன்றைத் தொட்டுக்காட்டும் காலம் அது.

இதைக் கண்டு பயப்படும் மாணவர்களிடம் நான் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். இந்தக் காலம் உங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. 'போயிருந்தார்' என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள். 'போய்' என்பது முடிந்த செயல். அதோடு 'இரு' என்ற துணைவினை சேர்கிறது, அந்த 'இரு' இறந்தகாலத்துக்குப் போய் 'இருந்தார்' ஆகிறது. பிரெஞ்சும் இதையேதான் செய்கிறது. 'எத்தே' என்பது 'இரு' என்று பொருள்படும் எத்ர் வினையின் பழைய காலம். 'பார்த்தி' முடிந்த செயல். இருந்தார், போய். வரிசை மட்டும் முன்பின்னாக இருக்கிறது.

ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சு படித்தவர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். ஆங்கிலத்தில் எல்லா வினைக்கும் 'ஹேட்' ஒன்றே போதும். அந்தப் பழக்கத்தில் 'இல் அவே பார்த்தி' என்று சொல்லிவிடுவார்கள், அது தவறு. தமிழில் யோசித்தவர் 'இரு'வைத் தேடிப் போயிருப்பார், சரியாக எத்தேயில் போய் நின்றிருப்பார்.

ஆனால் தமிழும் நம்மை முழுத் தூரம் கொண்டுபோய் விடாது. நாம் எல்லா வினைக்கும் 'இரு' போடுகிறோம். சாப்பிட்டிருந்தேன், எழுதியிருந்தேன், வந்திருந்தேன். பிரெஞ்சில் பெரும்பாலான வினைகளுக்கு 'அவுவார்'தான், அதாவது தன்னிடம் உள்ளதைச் சொல்லும் வினைதான் துணைக்கு வரும். 'சாப்பிட்டிருந்தேன்' என்றால் 'ஜாவே மான்ஜே'. எழுத்தில் இந்த 'அவே'க்கு மூன்று வடிவம் உண்டு. நான், நீ, அவர், அவர்கள் என எதற்கு எழுதினாலும் காதில் விழுவது ஒரே 'அவே'தான். 'நாங்கள்' என்றால் அவியோன், 'நீங்கள்' என்றால் அவியே. எத்ர் வினையும் இதே தடத்தில் எத்தே, எத்தியோன், எத்தியே என்று போகும். பேசுவதற்கு இந்த ஆறு ஒலிகள் போதும், பின்னால் வருவது, பாசே கோம்போசே என்ற சாதாரண இறந்தகாலத்துக்காக ஏற்கெனவே படித்த அதே சொல்தான்.

சரி, எத்ர் எடுக்கும் வினைகள் எவை? பிரெஞ்சு ஆசிரியர்கள் ஒரு வீட்டுப் படம் வரைந்து காட்டுவார்கள். அந்த வீட்டுக்கு வருகிறோம், நுழைகிறோம், மாடி ஏறுகிறோம், இறங்குகிறோம், விழுகிறோம், தங்குகிறோம், வெளியே போகிறோம். அங்கே ஒருவர் பிறக்கிறார், ஒருவர் இறக்கிறார். இவற்றுக்கெல்லாம் எத்ர். அதோடு, தன்னைத்தானே எழுப்பிக்கொள்வது, கழுவிக்கொள்வது போன்ற வினைகளுக்கும் எத்ர்தான்.

இந்த இடத்தில் தமிழ் தெரிந்தவருக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. 'மோன்தே' என்ற ஒரே வினையைப் பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு விதமாகப் பயன்படுத்துவார்கள். 'ஜெத்தே மோன்தே' என்றால் நான் மேலே ஏறியிருந்தேன். 'ஜாவே மோன்தே லே சாக்' என்றால் நான் மூட்டைகளை மேலே ஏற்றியிருந்தேன். ஏறு, ஏற்று. இறங்கு, இறக்கு. நம்முடைய தன்வினையும் பிறவினையும் பெரும்பாலும் எத்ருக்கும் அவுவாருக்கும் பொருந்திவிடுகின்றன. இறங்கியிருந்தேன் என்றால் எத்ர், பெட்டியை இறக்கியிருந்தேன் என்றால் அவுவார். மற்ற நாட்டு மாணவர்கள் மனப்பாடம் செய்யும் இந்த இடத்தை நம்மவர்கள் ஒரு 'ற்று', ஒரு 'க்கு' கொண்டு கண்டுபிடித்துவிடலாம். இதைக் கரும்பலகையில் எழுதும் நாளில் வகுப்பில் ஒரு கலகலப்பு வரும். எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது.

எத்ர் வந்தால் பெண்பால், பன்மைக்கு ஏற்ப எழுத்து மாறும். பேச்சில் பெரும்பாலும் அது கேட்காது. அவுவார் வந்தாலும் சில இடங்களில் இப்படி மாறும். அப்படி மாறி, காதில் கேட்கும் இடம் ஒன்றைச் சொல்கிறேன். 'நான் எழுதியிருந்த கடிதம்' என்பதற்கு 'லா லெத்ர் க் ஜாவே எக்ரீத்'. கடிதம் பிரெஞ்சில் பெண்பால், அது வினைக்கு முன்னால் வந்துவிட்டது. அதனால் 'எக்ரீ' என்று முடிய வேண்டியது 'எக்ரீத்' ஆகிறது.

அமைப்பு அவ்வளவுதான். கஷ்டம் எங்கே இருக்கிறது என்றால், எப்போது பயன்படுத்துவது என்பதில். நம் சமையலறை நண்பருக்கு நேர்ந்தது அதுதான். தமிழில் 'நான் போனபோது அவர் போய்விட்டார்' என்று சொன்னால் நமக்குப் புரிந்துவிடுகிறது. அந்த 'விட்டார்' வேலை முன்பே முடிந்துபோனதையும் சுமக்கிறது. பிரெஞ்சில் அதைச் சுமக்கத் தனி வடிவம் இருக்கிறது, அதைச் சொல்லியே ஆகவேண்டும். அதனால் நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். 'போய்விட்டார்' என்று நாக்கில் வந்தால் ஒரு கணம் நில்லுங்கள். அந்த இடத்தில் 'ஏற்கெனவே போயிருந்தார்' என்று மாற்றிப் போடுங்கள். பொருள் கெடவில்லை என்றால், வினைக்கு ஏற்ப எத்தேயோ அவேயோ போடுங்கள். 'ரயில் போய்விட்டது, பஸ் வந்துவிட்டது, கடையை மூடிவிட்டார்கள்' எல்லாவற்றையும் இப்படிச் சோதித்துப் பார்க்கலாம்.

இதற்கு நேர் எதிரான தவறும் ஒன்று உண்டு. "போன வாரம் லியோனுக்குப் போயிருந்தேன்" என்று சாதாரணமாகச் சொல்கிறோம். போய்விட்டுத் திரும்பி வந்தேன் என்பதுதான் பொருள். இதை அப்படியே 'ஜெத்தே அலே ஆ லியோன்' என்று சொன்னால், பிரெஞ்சுக்காரர் அடுத்து ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பார். போயிருந்தீர்கள், அப்புறம் என்ன நடந்தது என்று கேட்பார். வேறொரு சம்பவத்தில் போய்ச் சாய்ந்து நிற்கும் காலம் இது. சும்மா போய்வந்த செய்திக்கு 'ஜ் சுயி அலே' போதும்.

சாய்ந்து நிற்பது என்றேன் இல்லையா, என் சொந்த ஊரை வைத்தே அதைக் காட்டுகிறேன். நான் புதுச்சேரிக்காரன். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் பிரான்ஸிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. 1956 மே 28 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைந்தது. இப்படி நடந்த வரிசையில் சொல்லிக்கொண்டு போனால் முந்தின இறந்தகாலம் தேவையே இல்லை. ஆனால் கதையை 1962இல் தொடங்குங்கள். "அன்று சட்டப்படி இணைந்தது. ஆனால் ஒப்பந்தம் ஆறு வருடம் முன்பே கையெழுத்தாகியிருந்தது, நிர்வாகம் அதற்கும் முன்பே கைமாறியிருந்தது." தேதிகள் மாறவில்லை. சொல்பவர் நின்ற இடம் மாறியதும் 'இருந்தது' தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பிரெஞ்சிலும் அந்த இடத்தில்தான் அவேயும் எத்தேயும் வரும்.

இன்னொரு வேலையையும் இந்தக் காலம் செய்கிறது: நடக்காமல் போனதைச் சொல்வது. 'தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன்.' பிரெஞ்சில் 'சி ஜாவே சூ, ஜ் ந் செரே பா வெனூ.' 'தெரிந்திருந்தால்' என்பதில் உள்ள 'இருந்தால்', 'ஜாவே சூ'வில் உள்ள 'அவே'. இரண்டு மொழியும் இங்கே ஒரே வழியில் நடக்கின்றன. பிரெஞ்சுக் குழந்தைகள்கூட 'சி ஜோரே சூ' என்று தவறாகச் சொல்வார்கள். அதற்காகவே 'லே சி நேம் பா லே ரே' என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். 'சி'க்கு 'ரே' பிடிக்காது என்று அர்த்தம். 'சி' என்பது நம் 'தெரிந்திருந்தால்' என்பதில் உள்ள 'ஆல்', 'ரே' என்பது 'செரே', 'ஜோரே' போன்ற சொற்களின் முடிவு. முதல் பாதியில் 'ரே' வரக்கூடாது, இரண்டாம் பாதியில் வரலாம்.

அந்த யாழ்ப்பாண நண்பரோடு அன்று வகுப்பு முடிந்த பிறகு மெட்ரோ நிலையம் வரை நடந்தேன். வழியெல்லாம் அவர் "எ பார்த்தி, எத்தே பார்த்தி" என்று மெல்லச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு மாதம் போயிருக்கும். வகுப்புக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். சமையலறையில் ஓர் அடுப்பின் திருகு இறுகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று அதற்கு முந்தின வாரமே ஷெஃப்பிடம் சொல்லியிருந்தாராம். அன்று காலை அந்தத் திருகு கையோடு கழன்று வந்துவிட்டது. ஷெஃப் எல்லாரையும் கூட்டி, ஏன் யாருமே சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார். இவர் முன்னால் வந்து ஒரே வரி சொன்னாராம்.

"ஜ் வூ லாவே தி, ஷெஃப்."

நான் உங்களிடம் சொல்லியிருந்தேன். ஷெஃப் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வி, செ வ்ரே" என்றாராம். ஆமாம், உண்மைதான்.

நன்றி நேயர்களே. வணக்கம்.