கிழிந்த ஸ்பீக்கரில் பிறந்த பாட்டு

அவையில் கூடியிருக்கும் அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் பேசப்போவது இரண்டே கால் நிமிடம்கூட ஓடாத ஒரு பாட்டைப் பற்றி. 1964 ஆகஸ்டில் லண்டனில் வெளிவந்த ‘யூ ரியலி காட் மீ’. பாடியவர்கள் ‘தி கிங்க்ஸ்’ என்ற ராக் இசைக்குழு. ஆகஸ்ட் தொடக்கத்தில் அவர்களை அறிந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். செப்டம்பரில் அந்தப் பாட்டு பிரிட்டனில் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவில் ஏழாம் இடம் வரைக்கும் போனது.

வடக்கு லண்டனில் மஸ்வெல் ஹில் பகுதி. அங்கே டேவிஸ் குடும்பத்தில் எட்டுப் பிள்ளைகள். முதல் ஆறும் பெண்கள். அதற்குப் பிறகு ரே, கடைக்குட்டி டேவ். கிங்க்ஸ் குழுவின் அண்ணன் தம்பி இவர்கள்தான். அந்த வீட்டின் முன்னறையில் ஒரு பியானோ உண்டு. சனிக்கிழமை இரவு வந்துவிட்டால் உறவும் அக்கம்பக்கமும் அங்கே கூடிவிடும். அப்பா பழைய மேடைப் பாட்டுகளைப் பாடுவார், அக்காமார் புதிதாக வந்த ரெக்கார்டுகளைப் போடுவார்கள். தம்பிகள் இருவருக்கும் இசை பிடிபட்டது அந்த அறையில்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அந்தப் பாட்டின் கதை முழுவதும் அந்த அறையைச் சுற்றியே நடக்கிறது.

ரே அந்தப் பாட்டை அங்கிருந்த பியானோவில்தான் முதலில் வாசித்துப் பார்த்தார். ஜாஸ், ப்ளூஸ் சாயலில் நிதானமாக நடக்கும் பாட்டாக அது இருந்தது. டேவ் அதைக் கிதாருக்கு மாற்றினார். ‘எல்பிகோ’ என்று பச்சை நிறத்தில் சின்ன ஆம்ப்ளிஃபையர் ஒன்று அவரிடம் இருந்தது. அதன் சுத்தமான ஒலி அவருக்குப் பிடிக்கவே இல்லை. ஒருநாள் சவரப் பிளேடை எடுத்து ஸ்பீக்கருக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் காகிதக் கூம்பை, அதாவது கோனை, கீறிவிட்டார், குண்டூசியும் குத்தினார். கிழிந்த காகிதம் அதிர்ந்து கரகரவென்று உறுமியது. அதிலிருந்து வந்த ஒலியைப் பெரிய ‘வாக்ஸ்’ ஆம்ப்ளிஃபையருக்குள் கொடுத்தார். உறுமல் கர்ஜனை ஆனது.

நம் ஊர்த் திருவிழாவில் கோன் கிழிந்தால் மைக்செட்காரர் ஓடிவந்து முதலில் அதைத்தான் மாற்றுவார். உலகம் முழுக்க அதுதான் வழக்கம். அந்தப் பையன் கிழிசலுக்குள் தன் குரலைக் கேட்டிருக்கிறான். இத்தனை வருடம் கழித்தும் எனக்கு அது வியப்பாகத்தான் இருக்கிறது.

அந்தக் கிதார் வாசிப்பைச் சங்கீதம் தெரிந்தவர்கள் கூர்ந்து கேளுங்கள். ஷட்ஜமும் பஞ்சமமும்தான், அதாவது ‘ச’வும் ‘ப’வும்தான், முன்னால் நிற்கும். காந்தாரம், அதாவது ‘க’, இல்லை. காந்தாரம் இருந்தால்தானே மகிழ்ச்சியா சோகமா என்று காது முடிவு செய்யும்? இங்கே அதற்கு இடமே கொடுக்கவில்லை. ஒலி இவ்வளவு உடைந்திருக்கும்போது மூன்றாவது சுரமும் சேர்ந்தால் குழம்பிவிடும், இரண்டே சுரம் என்றால் உடைந்தாலும் திடமாக நிற்கும். பக்கத்துப் பக்கத்து இரண்டு கட்டைகளுக்கு இடையே அந்த வாசிப்பு முட்டி முட்டித் திரும்புகிறது. பிறகு பாட்டு முழுதும் ஒரு படி மேலே ஏறுகிறது. அங்கிருந்து ஒரே தாவல். ஆசையைச் சொல்ல வந்தவன் சொல் கிடைக்காமல் குரலை மட்டும் உயர்த்திக்கொண்டே போவதுபோல இருக்கும். பின்னாளில் ‘ஹெவி மெட்டல்’ என்று முரட்டு ராக் இசையாக வளர்ந்ததற்கு ஒரு விதை இங்கே விழுந்தது என்று நான் நம்புகிறேன்.

ஆனால் பாட்டு அப்படியே வெளிவந்துவிடவில்லை. ‘பை’ ரெக்கார்டு கம்பெனிக்காக அவர்கள் போட்ட முதல் இரண்டு ரெக்கார்டும் விலைபோகவில்லை. மூன்றாவதும் படுத்தால் கதை முடிந்தது. அந்த நிலையில், தயாரிப்பாளர் ஷெல் டால்மி இந்தப் பாட்டைப் பதிவு செய்தார். வேகம் குறைவு, எங்கும் எதிரொலி, பளபளவென்று மெருகு. கேட்ட ரேவுக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டு முன்னறையில் கேட்ட பாட்டு இது இல்லை, மறுபடி பதிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் இதை எந்த மேடையிலும் பாடமாட்டேன் என்று நின்றார். வயது இருபதுதான்! இரண்டு தோல்வி கொடுத்த குழுவுக்கு இன்னொரு முறை பணம் போட முடியாது என்றது கம்பெனி. கடைசியில் குழுவின் மேலாளர்கள் தங்கள் பணத்தைப் போட்டார்கள். ஜூலையில் ஐ.பி.சி. ஸ்டுடியோவில் மறுபதிவு நடந்தது. பச்சைப் பெட்டியும் கூடவே போனது.

அந்தப் பதிவில் டிரம்ஸ் வாசித்தது வெளியிலிருந்து அழைத்துவந்த பாபி கிரஹாம். நடுவில் வரும் கிதார்த் துண்டை வாசித்தது, பின்னாளில் பெரும்புகழ் பெற்ற கிதார் கலைஞர் ஜிம்மி பேஜ் என்று ஒரு வதந்தி பல வருடம் சுற்றியது. அது உண்மையல்ல. டேவ்தான் வாசித்தார். பதினேழு வயதுப் பையனின் உழைப்பை இன்னொருவர் கணக்கில் எழுதுவதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

புகழ் வந்தது. அடுத்தடுத்து வெற்றிகள், ஓயாத பயணம், அண்ணன் தம்பிச் சண்டை, குழுவுக்குள் மோதல். 1965இல் கார்டிஃப் மேடையிலேயே குழுவின் டிரம்ஸ்காரர் மிக் ஏவரி டேவைத் தாக்கும் அளவுக்குப் போனது. அதே ஆண்டு அமெரிக்க இசைக்கலைஞர் சங்கத்தோடு ஏற்பட்ட தகராறில் நான்கு வருடம் அந்த நாட்டில் வாசிக்க முடியாமல் போனது. இவற்றை இதற்குமேல் விரிக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இறங்க மனமில்லை. ரேவுக்கு ரெனி என்றொரு அக்கா. 1957 ஜூனில், தம்பியின் பதின்மூன்றாம் பிறந்தநாளுக்கு ஒரு ஸ்பானிஷ் கிதார் வாங்கிக் கொடுத்தாள். அவளுக்கு இதயம் பலவீனம். ஆடுவதென்றால் உயிர். கிதாரைக் கொடுத்த அன்று இரவே லண்டன் லைசியம் அரங்கில் நடனமாடிக்கொண்டிருந்தபோது இறந்துபோனாள். ரேவின் கையில் கிதார் இருந்தது. கொடுத்தவள் இல்லை.

1965 தொடக்கத்தில், புகழின் உச்சியில், ஆஸ்திரேலியா போகும் வழியில் குழு பம்பாயில் தங்கியது. விடியற்காலையில் கடற்கரைப் பக்கம் மீனவர்கள் பாடிக்கொண்டே வேலைக்குப் போவதை ரே கேட்டார். அந்த ஓசை அவரை விடவில்லை. அந்த வருடமே ‘சீ மை ஃப்ரெண்ட்ஸ்’ வந்தது. கிதார் அதில் தம்புராபோல ஒரே சுருதியில் ரீங்கரிக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் விளையாடும் நண்பர்களைப் பற்றிய பாட்டு. அக்கரைக்குப் போய்விட்டவள் யார் என்று பின்னாளில் ரேவே சொன்னார். ரெனி அக்காதான்.