பி.பி.ஓ.வில் அம்மாவின் பெயர் தவறாக இருக்கிறது, எங்கே திருத்துவது?

வணக்கம். தேனிப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேள்வி அனுப்பியிருக்கிறார். அவருடைய அப்பா எம்.இ.ஜி.யில், அதாவது மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில், ஹவில்தாராக இருந்து 1986-ல் ஓய்வு பெற்றவர். அப்பாவின் பி.பி.ஓ.வில், அதாவது பென்ஷன் வழங்கும் உத்தரவில், மனைவி பெயர் லட்சுமி என்று இருக்கிறது. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் எல்லாவற்றிலும் விஜயலட்சுமி. அம்மாவின் பிறந்த தேதி எங்கேயுமே இல்லை. வங்கியில் கேட்டால் ஆதாரை மாற்றிக்கொண்டு வரச் சொல்கிறார்களாம். "மாற்றிவிடலாமா? அப்பாவுக்கு உண்மையில் எண்பது முடிந்துவிட்டது, ராணுவக் கணக்கில் எழுபத்தொன்பதுதான். அதையும் திருத்த முடியுமா?" என்று கேட்கிறார்.

தம்பி, ஆதாரில் கை வைக்காதீர்கள். உங்கள் அம்மாவின் பெயர் விஜயலட்சுமி. உங்கள் பள்ளிச் சான்றிதழில், நிலப் பட்டாவில், வாக்காளர் அட்டையில் அந்தப் பெயர்தான் இருக்கும். ஒரு தவறான தாளுக்காகச் சரியான தாள்களை எல்லாம் மாற்றினால், நாளைக்கு சொத்து விஷயத்தில் வேறு சிக்கல் வரும். ஒரு எழுத்து முன்பின் இருக்கிறது, முனியம்மா, முனியம்மாள் என்கிற மாதிரி வித்தியாசம் என்றால் எந்தப் பக்கம் சுலபமோ அந்தப் பக்கம் சரிசெய்யலாம். உங்கள் விஷயம் அப்படி இல்லை.

இந்தத் தவறு எப்படி வந்தது என்று தெரிந்தால் எங்கே திருத்துவது என்பதும் தெரிந்துவிடும். ஒரு ஜவானுக்குக் கல்யாணம் ஆனதும் யூனிட் ஆபீஸில் போய்ச் சொல்வார். அங்கே பார்ட் டூ ஆர்டர், அதாவது அவருடைய சொந்த விவரத்தைப் பதிவு செய்யும் உத்தரவு, போடுவார்கள். அது படைவீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய் அவருடைய சர்வீஸ் ஆவணத்தில் ஏறும். அன்றைக்கு கிளார்க் மனைவி பெயரைக் கேட்டபோது, வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொன்னவர்கள் நம் பக்கத்தில் ஏராளம். பாப்பா, ராசாத்தி, சின்னப்பொண்ணு என்றெல்லாம் ஏறியிருக்கிறது. கேட்டு எழுதியவர் வடநாட்டுக்காரராக இருந்தால் எழுத்தும் மாறிப்போகும். ஓய்வு பெறும்போது அந்த ஆவணத்தைப் பார்த்துத்தான் பி.பி.ஓ. தயாராகிறது. அதனால் வங்கி இதைத் திருத்த முடியாது. பிரயாக்ராஜில் இருக்கிற பென்ஷன் கணக்கு அலுவலகத்துக்கு நேரடியாக எழுதினாலும், ரெக்கார்ட் ஆபீஸ் வழியாக வா என்றுதான் பதில் வரும்.

எம்.இ.ஜி. என்பதால் உங்கள் ரெக்கார்ட் ஆபீஸ் பெங்களூரு. மெட்ராஸ் ரெஜிமெண்ட்காரர்களுக்கு வெலிங்டன், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், ஆர்டிலரிக்கு நாசிக் ரோடு, ஈ.எம்.ஈ. என்கிற மின், இயந்திரப் பொறியியல் பிரிவுக்கு செகந்திராபாத், டி.எஸ்.சி. என்கிற பாதுகாப்புக் காவல் படைக்கு கண்ணூர். ஒருவர் ரெஜிமெண்டில் இருந்து ஓய்வு பெற்று, அப்புறம் டி.எஸ்.சி.யில் சேர்ந்து அங்கேயும் பென்ஷன் வாங்கினால், இரண்டு இடத்திலும் ஆவணம் இருக்கும். ஒன்றில் மட்டும் திருத்தினால் போதாது.

சரி, முதல் வேலை என்ன? மனு எழுதுவதற்கு முன்னால், ஓய்வு பெறும்போது அப்பாவுக்குக் கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கைத் திறந்து பாருங்கள். அதில் குடும்ப விவரம் எழுதிய பக்கத்தில் என்ன பெயர் இருக்கிறது? அங்கே விஜயலட்சுமி என்று சரியாக இருந்து பி.பி.ஓ.வில் மட்டும் லட்சுமி என்று வந்திருந்தால், அது நகலெடுக்கும்போது வந்த பிழை. அந்தப் பக்கத்தின் நகலை வைத்து எழுதினாலே கோரிஜெண்டம் பி.பி.ஓ., அதாவது பிழை திருத்திய பி.பி.ஓ., கேட்கலாம். புக் தொலைந்துவிட்டது, அல்லது எழுத்து அழிந்துவிட்டது என்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, தன் சர்வீஸ் ஆவணத்தில் குடும்ப விவரம் என்னவாக இருக்கிறது என்று அப்பா பெயரிலேயே கேளுங்கள். அவருடைய ஆவணம், கேட்கும் உரிமை அவருக்கு உண்டு.

டிஸ்சார்ஜ் புக்கிலும் லட்சுமிதான் என்றால் அஃபிடவிட் வேண்டும். ஜுடீஷியல் மாஜிஸ்ட்ரேட் முன்னால் அப்பா கையெழுத்துப் போட வேண்டும். "என் சர்வீஸ் ஆவணத்தில் லட்சுமி என்று பதிவாகியிருப்பவரும் ஆதாரில் விஜயலட்சுமி என்று இருப்பவரும் ஒருவரே, அவர் என் சட்டப்படியான மனைவி, எனக்கு வேறு மனைவி இல்லை" என்ற மூன்று விஷயமும் அதில் இருக்கட்டும். மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ரெக்கார்ட் ஆபீஸின் முதல் சந்தேகமே அதுதான், இது பெயர்த் திருத்தமா, ஆள் மாற்றமா என்று. கெஜட்டில் போட வேண்டுமா என்றும் கேட்பீர்கள். உங்கள் அம்மா பெயரை மாற்றிக்கொள்ளவில்லை, தவறாக எழுதப்பட்டதைத் திருத்துகிறீர்கள். ரெக்கார்ட் ஆபீஸ் எழுத்தில் கேட்டால் ஒழிய அந்தச் செலவு வேண்டாம்.

மனுவை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்புங்கள். சர்வீஸ் நம்பர், ரேங்க், பி.பி.ஓ. நம்பர், இப்போது என்ன இருக்கிறது, என்னவாக இருக்க வேண்டும், இவ்வளவுதான் கடிதம். இருவரும் சேர்ந்திருக்கும் போட்டோ, ஆதார் நகல், பாஸ்புக் முதல் பக்கம் இணைத்து, ஒரு செட் நகலை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பிறந்த தேதியையும் இதே மனுவில் கேட்டுவிடுங்கள். எதற்கு இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், குடும்ப ஓய்வூதியம் வாங்குபவருக்கும் எண்பது வயது முடிந்தால் 20 சதவீதம் கூடுதல் உண்டு. 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் முழுதாக இன்னொரு மடங்கு. எண்பது முடிகிற மாதத்தின் முதல் தேதியிலிருந்தே சேர வேண்டிய பணம் அது. பிறந்த தேதியே பதிவில் இல்லாத அம்மாவுக்கு எண்பது முடிந்தது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? எத்தனையோ வயதான தாய்மார்கள் தங்களுக்கு அப்படி ஒன்று வர வேண்டும் என்பதே தெரியாமல் பழைய தொகையை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மனசு ஆறாத விஷயம் இது.

அப்பாவின் பிறந்த தேதிக்கு வருகிறேன். அது மாறாது, தம்பி. ஆளெடுப்பில் எழுதிக்கொண்ட தேதியை வைத்துத்தான் அவருடைய சர்வீஸ் முழுக்கக் கணக்கிடப்பட்டது. பணிக்காலத்தின் கடைசியில் வந்து பிறந்த தேதியைத் திருத்தக் கேட்பதையே உச்ச நீதிமன்றம் பலமுறை ஏற்கவில்லை. ஓய்வு பெற்று இத்தனை வருடம் கழித்து யாராவது பணம் வாங்கிக்கொண்டு மாற்றித் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள். ராணுவக் கணக்கில் எண்பது முடியும் மாதம் எது என்று குறித்து வைத்து, அந்த மாதம் பென்ஷன் ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பெயர்த் திருத்தத்தைத் தள்ளிப்போடக் கூடாது. இன்றைக்கு அப்பா இருக்கிறார். இவள்தான் என் மனைவி என்று அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் அதற்கு மேல் சாட்சி தேவையில்லை. அவர் காலமான பிறகு அதே விஷயத்தை அம்மா தனியாக நிரூபிக்க வேண்டும். வாரிசுச் சான்று, விசாரணை, ஊரில் சாட்சிகள் என்று நீளும். கணவனை இழந்த நேரத்தில், மாத வருமானமும் நின்றுபோய், நான்தான் லட்சுமி என்று ஒரு மூதாட்டி ஆபீஸ் ஆபீஸாக நடப்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவுக்கு அது வர வேண்டாம். அப்பாவுக்குக் கை நடுங்குகிறது என்றால் கைரேகை வைக்கலாம், அதை ஒரு அதிகாரி சான்றொப்பம் செய்ய வேண்டும்.

பார்ட் டூ ஆர்டர் ஆகி, பிரயாக்ராஜிலிருந்து கோரிஜெண்டம் பி.பி.ஓ. வந்தபின் ஸ்பர்ஷ் என்கிற பாதுகாப்புத் துறையின் ஆன்லைன் பென்ஷன் தளத்தில் அப்பாவின் கணக்கைத் திறந்து பாருங்கள். பழைய பி.பி.ஓ. விவரங்கள் ஸ்பர்ஷுக்கு மாறியபோது ஏறிய பிழைகளும் நிறைய, அதனால் தாளில் சரியாக இருந்தாலும் திரையில் என்ன இருக்கிறது என்று பார்த்தே ஆக வேண்டும். குடும்ப ஓய்வூதிய வரியில் அம்மாவின் பெயர், பிறந்த தேதி இரண்டும் ஆதாரில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். இல்லையென்றால் பொதுச் சேவை மையத்திலோ டி.பி.டி.ஓ. என்கிற பாதுகாப்புத் துறை பென்ஷன் வழங்கும் அலுவலகத்திலோ அந்தக் கோரிஜெண்டம் நகலைக் காட்டி அன்றைக்கே குறையைப் பதிவு செய்து, ரசீது எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் அம்மாவின் ஈ.சி.எச்.எஸ். கார்டிலும், அதாவது முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்ட அட்டையிலும், அதே பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.