குடல் சுவரில் ஒரு கொக்கி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

போன முறை பேசி முடித்துப் படியிறங்கும்போது ஓர் அம்மா என்னை நிறுத்தினார். மகன் கல்லூரியில் படிக்கிறான். குடலில் அழற்சியும் புண்ணும் வந்து வந்து போகிற கிரோன் நோய். சிறுகுடலின் கடைசிப் பகுதியை வெட்டியெடுத்துவிட்டு மீதியைப் பெருங்குடலோடு சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். "நான் போட்ட சாப்பாட்டுலதான் ஏதோ கிருமி இருந்துச்சாமே, சொந்தக்காரங்க சொல்றாங்க. நெசமா சார்?" என்று கேட்டார். நின்ற இடத்திலேயே இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பிவிட்டேன். போதவில்லை என்று இரவெல்லாம் உறுத்தியது. அந்தக் கேள்விக்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்லப்போகிறேன்.

கிருமிக்கும் பங்கு இருக்கலாம், அம்மா. அதன் பெயர் ஈ.கோலை. நாம் பிறந்த சில நாட்களிலேயே குடலில் வந்து குடியேறி, பெரும்பாலும் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருக்கிற இனம். அதில் ஒரு வகை மட்டும் ஏன் சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிறது என்பதுதான் விஷயம்.

1932இல் நியூயார்க்கில் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சேர்ந்த கிரோன், கின்ஸ்பெர்க், ஓப்பன்ஹைமர் மூவரும் 14 நோயாளிகளை வைத்து இந்த நோயை விவரித்து எழுதினார்கள். பார்த்தால் குடல் காசநோய் மாதிரியே இருக்கும். ஆனால் காசநோய் இல்லை. நம் ஊர் மருத்துவர்களுக்கு இந்தக் குழப்பம் இன்றைக்கும் தீரவில்லை. இரண்டும் சிறுகுடல் முடிகிற அதே இடத்தில்தான் வந்து உட்காருகின்றன.

பிரான்சில் கிளெர்மோன்-ஃபெரான் என்ற ஊர். அங்கே ஆர்லெட் தார்ஃபோய்-மிஷோ என்ற நுண்ணுயிரியலாளரின் குழு, கிரோன் நோயாளிகளின் குடல் திசுவில் ஒட்டிக்கொண்டிருந்த ஈ.கோலையைப் பிரித்தெடுத்து 1998இல் வெளியிட்டது. அவற்றில் பெயர் பெற்றது எல்.எஃப்.82 என்ற ரகம்.

அது செல்லுக்குள் நுழைகிறதா என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? கேட்டால் உங்களுக்கும் பிடிக்கும். மனிதக் குடல் செல்களைத் தட்டில் வளர்த்து, மேலே பாக்டீரியாவை ஊற்றி, மூன்று மணி நேரம் விடுவார்கள். பிறகு கழுவிவிட்டு ஜென்டாமைசின் ஊற்றுவார்கள். இந்த மருந்து செல்லுக்குள் சுலபமாகப் போகாது. வெளியே இருப்பவற்றை மட்டும் கொல்லும். ஒரு மணி நேரம் கழித்து மருந்தைக் கழுவி, செல்களை உடைத்து, உள்ளிருந்ததை பாக்டீரியா வளர்க்கிற அகார் கூழ்த் தட்டில் தடவி வைப்பார்கள். மறுநாள் காலையில் தட்டில் வெண்புள்ளிகள் முளைத்திருக்கும். ஒவ்வொரு புள்ளியும் செல்லுக்குள் பதுங்கித் தப்பித்த ஒரு பாக்டீரியாவின் வம்சம். சீதபேதி தருகிற ஷிகெல்லாவிடம் இப்படி நுழைவதற்கென்றே மரபணுக்கள் உண்டு. எல்.எஃப்.82இல் அவற்றைத் தேடினார்கள், காணோம். அது வேறு வழி வைத்திருந்தது.

அதன் உடம்பைச் சுற்றிலும் மெல்லிய முடிகள். முடியின் நுனியில் ஃபிம்-ஹெச் என்ற புரதம், ஒரு கொக்கி. மானோஸ் என்ற சர்க்கரை எங்கே கிடைத்தாலும் பற்றிக்கொள்ளும். நம் குடல் செல்லின் மேல் சீக்காம்-6 என்ற புரதம் இருக்கிறது. அதன்மேல் அந்தச் சர்க்கரை தொங்குகிறது. கொக்கி அங்கே மாட்டுகிறது என்று 2007இல் காட்டினார்கள். ஒட்டியதும் செல்லின் சவ்வு இரண்டு பக்கமும் கை நீட்டுவதுபோல் எழும்பி, பாக்டீரியாவை அணைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. இழுக்கிற வேலையைச் செய்வது நம் செல்லின் சொந்தச் சட்டகம்.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு நெஞ்சை அடைக்கிற இடம். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் சீக்காம்-6 சாதாரணமாகக் குறைவு. அழற்சி வந்தால் கூடுகிறது. டி.என்.எஃப். என்ற அழற்சிப் புரதம் அதைக் கூட்டுகிறது. பாக்டீரியா வந்து ஒட்டுவதும் கூட்டுகிறது. சுவரைத் தாண்டியதை விழுங்கிக் கொல்லவேண்டிய மேக்ரோபேஜ் செல்லோ, இதை விழுங்குகிறது, கொல்ல முடிவதில்லை. விழுங்கியதை அடைத்து வைக்கிற அமிலப் பையிலேயே அது பெருகுகிறது. மேக்ரோபேஜ் சாவதும் இல்லை, டி.என்.எஃப்.பைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. அதனால் சீக்காம் இன்னும் கூடும், கொக்கிக்கு இன்னும் இடம் கிடைக்கும்.

ஒரு கணக்கும் சொல்லிவிடவேண்டும். 2004இல் வந்த ஆய்வில், கிரோன் நோயாளிகளின் நாள்பட்ட சிறுகுடல் புண்களில் 21.7 சதவீதத்தில் இந்த வகை கிடைத்தது. நோயில்லாதவர்களிடமும் 6.2 சதவீதம். ஆக, நோயாளிகள் பலரிடம் இது இல்லை. நலமாக இருக்கிற சிலரிடம் இருக்கிறது. கிருமியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட முடியாது. செல்லுக்குள் வந்ததை அடையாளம் காண உதவும் நாட்-2 மரபணுவின் மாறுதல்களுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருப்பது 2001இல் தெரிந்தது. வந்ததைச் செரித்து அழிக்க உதவும் மரபணு ஒன்றிலும் பின்னர் அப்படியே தெரிந்தது. இந்த மாறுதல்கள் இருந்தும் நோய் வராதவர்களே அதிகம்.

அம்மா, நீங்கள் இங்கே எங்கேயாவது உட்கார்ந்திருந்தால் கேளுங்கள். நீங்கள் சமைத்த சாப்பாடு உங்கள் மகனுக்கு இந்த நோயைக் கொடுக்கவில்லை. இது தொற்றுவதும் இல்லை. அவன் தட்டிலிருந்து தங்கை எடுத்துச் சாப்பிடலாம்.

அன்றைக்குப் போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னீர்கள்: "இப்ப நல்லாத்தான் சார் இருக்கான், ஸ்கோப்பி வேணாங்குறான்." அதைத்தான் நான் கவனிக்காமல் விட்டேன். வெட்டிச் சேர்த்த இணைப்புக்குச் சற்று மேலேதான் புண் திரும்ப வரும். ஆய்வாளர்கள் இந்த ஈ.கோலையை அதிகமாகக் கண்டதும் அங்கேதான். வலி தொடங்குவதற்கு மாதக்கணக்கில் முன்பே ஸ்கோப்பியில், அதாவது குடலுக்குள் விடுகிற கேமராவில், தெரிந்துவிடும். அறுவை முடிந்து ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான். சிகரெட் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். திரும்ப வருகிற வாய்ப்பை அது கூட்டுகிறது. அவனை ஒருநாள் என்னிடம் அழைத்து வாருங்கள். அந்த வெண்புள்ளித் தட்டை நானே காட்டுகிறேன்.