ஓலை வேய்ந்த மலை

நேயர்களுக்கு வணக்கம். நான் எழுதிவரும் மாயக்கதையில் ஒரு மலை உண்டு. பேர் உப்புமுடி. மலையே இல்லாத சீமையில் பிறந்தவளுக்கு மலைக்கதை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ராமேசுவரத்தில் ஒரு மணல்மேட்டுக்கே கந்தமாதன பர்வதம் என்று பேர் வைத்தவர்கள் நாம். எனக்கு மட்டும் என்ன தடை?

சின்ன வயதில் வாலிநோக்கம் உப்பளத்தில் பார்த்த உப்பு அம்பாரம்தான் நான் கண்ட முதல் மலை. ஐப்பசி பிறக்குமுன் அதற்கு ஓலை வேய்வார்கள். மழையில் கரைகிற மலை! அதைத்தான் 900 மீட்டர் உயரத்துக்கு வளர்த்து, என் கதையில் கடலோரமாக நிறுத்தினேன்.

தொல்லை அப்புறம்தான் தொடங்கியது. மலை சும்மா நிற்காது. கடல்காற்றை மறித்து மேலே ஏற்றும், ஏறிய காற்று குளிர்ந்து மழையாகும், மறுபக்கம் காயும். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை மேற்குத் தொடர்ச்சி மலை அப்படி வாங்கிக்கொள்வதால்தான் நாம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கண்மாய் வெட்டி வைத்திருக்கிறோம். என் உப்புமுடியோ, தான் வரவழைத்த மழையிலேயே கரைந்து போகும்.

நிஜத்திலும் உப்பு மலை உண்டு. சாக்கடல் ஓரத்துச் சோதோம் மலை. அங்கே மழை மிகக் குறைவு, அதனால் நிற்கிறது. அந்தக் கொஞ்ச மழையே உள்ளே இறங்கிச் சுமார் 10 கிலோமீட்டர் நீளத்துக்குக் குகை குடைந்திருக்கிறது. உடனே என் மலைக்கும் ஒரு குகை வந்தது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று இங்கே சொல்லமாட்டேன்.

எங்கள் தெரு மீனவர் ஒருவருக்கு ஓர் அத்தியாயம் வாசித்துக் காட்டினேன். வள்ளத்தில் வருகிறவர்கள் முதலில் மலையடிவாரத்துக் காட்டைப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். சிரித்துவிட்டார். "ஏம்மா, கரைக்கு வரையில கோபுரத்துக் கலசம் முதல்ல தெரியுமா, வாசப்படி முதல்ல தெரியுமா?" என்றார். என் உலகம் உருண்டையா தட்டையா என்று அதுவரை நான் யோசிக்கவே இல்லை. அவர் கேட்டதும் உருண்டையாகிவிட்டது. கணக்குப் போட்டேன். வானம் தெளிவாக இருந்தால் உச்சி நூறு கிலோமீட்டருக்கு அப்பாலேயே தலைகாட்டும். வள்ளத்தில் நிற்பவருக்கு அடிக்கரை தெரிய ஐந்து கிலோமீட்டர் தூரத்துக்குள் வரவேண்டும். அத்தியாயத்தைத் திருப்பி எழுதினேன்.

இப்போது கதையில் புரட்டாசி மாதம். கடலோர ஊர்கள் எல்லாம் கூடி மலைக்கு ஓலை வேய்கின்றன. அதற்கு எத்தனை பனை வேண்டும் என்று மறுபடி கேட்டிருக்கிறார் அவர். எண்ணிக்கொண்டிருக்கிறேன்.